டோன்கார்ட் எங்கே நிற்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஸ்கைரிம் என்ற கேமின் வேம்பயர் (இரத்தம் குடிக்கும் பேய்) கதையான டோன்கார்ட் 2012 இல் தனி டி.எல்.சி.யாக, அதாவது கேமுக்கு மேலதிகமாகச் சேர்க்கும் பகுதியாக வந்தது. 2016 இன் ஸ்பெஷல் எடிஷனில் அது கூடவே இருக்கிறது. அதில் "பக்" என்று பெடியன்கள் கொண்டுவரும் பிரச்சினைகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, கேமின் சட்டமே அப்படி. விளங்காமல் பக் என்கிறோம். இரண்டு, குவெஸ்ட் (கதையில் வரும் பணி) உண்மையாகவே தடுக்கி நிற்கிறது. மூன்று, கேமில் ஒரு குறையும் இல்லை. கரண்ட், மெஷின், ஃபைல் இவற்றில் ஏதோ ஒன்று.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். பிரச்சினைக்கு அரை மணி முந்திய சேவைத் திறந்து அதே இடத்துக்குப் போங்கள். அச்சொட்டாக அதே இடத்தில் திரும்ப நின்றால் பெரும்பாலும் சட்டம், அல்லது ஒரு பொருள் கையில் இல்லை. இந்த முறை தாண்டிவிட்டால் குவெஸ்ட்தான் தடுக்கியிருக்கிறது. எங்கே போனாலும் ஏதோ ஒன்று நடந்தால் மெஷின். இதைப் பார்க்காமல் கன்சோலைத் திறந்து கட்டளை அடிப்பவர்கள்தான் சின்னக் காயத்தைப் பெரிய காயமாக்குகிறார்கள்.

கன்சோல் என்பது கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே, 1 க்கு இடப்பக்கம் இருக்கும் கீ. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறது. அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கன்சோல் கட்டளை கிடையாது. அவர்களுக்கு மருந்து மூன்று: பழைய சேவ், இடத்தை விட்டு வெளியேறித் திரும்புதல், கேம் நேரத்தில் 24 மணி காத்திருத்தல்.

"லெவல் 10 தாண்டியாச்சு, டுராக் வரவே இல்லை"

டோன்கார்ட் என்ற வேம்பயர் வேட்டைக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் டுராக் என்ற ஓர்க் ஊருக்குள் தானாக வந்து பேசுவான் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். வருவான், ஆனால் நேரம் சொல்ல முடியாது. காவற்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தாலும் டோன்கார்ட் பற்றிய வதந்தி வரும். இரண்டும் வேண்டாம் என்றால் ரிஃப்டனுக்குத் தென்கிழக்கே நேராக நடங்கள். டேஸ்பிரிங் கெனியன் என்ற குகைவாசல் இருக்கிறது. உள்ளே போய்ப் பாதையைப் பிடித்தால் கோட்டைக்குள் அந்தக் குழுவின் தலைவர் ஐஸ்ரான் நிற்பார், குவெஸ்ட் தொடங்கும்.

குகைவாசலே இல்லை என்றால் டி.எல்.சி. ஏறவில்லை என்று அர்த்தம். பழைய 2011 பதிப்பில் இது அடிக்கடி நடக்கும். லோஞ்சரில் டேட்டா ஃபைல்ஸைத் திறந்து டோன்கார்டுக்கு முன்னால் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"பிளே அழுத்தினால் மெனுவே வராமல் மூடிக்கொள்கிறது"

முதலில் ஃபைல் வரிசை. ஸ்கைரிம், அப்டேட், டோன்கார்ட், ஹார்த்ஃபயர்ஸ், டிராகன்போர்ன்: இந்த ஐந்தும் இதே ஒழுங்கில் மேலே இருக்க வேண்டும், மோட் (மற்றவர்கள் எழுதிய மாற்றங்கள்) எல்லாம் அதற்குக் கீழே. டோன்கார்டை நம்பி எழுதிய ஒரு மோட் இருந்து டோன்கார்ட் ஃபைல் இல்லாவிட்டால், கேம் ஒரு வார்த்தை சொல்லாமல் டெஸ்க்டொப்புக்குப் போய்விடும்.

இரண்டாவது, சில மோட்களுக்குத் தேவைப்படும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், சுருக்கமாக எஸ்கேஎஸ்ஈ. கேம் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்ஈ 2.0.20, கேம் 1.6.640 என்றால் 2.2.3, கேம் 1.6.1170 என்றால் 2.2.6. ஒரு இலக்கம் மாறினாலும் ஓடாது. ஸ்டீம் இரவோடு இரவாகக் கேமை அப்டேட் பண்ணிவிடுவதுதான் காரணம். லைப்ரரியில் கேமின் புரொப்பர்ட்டீஸுக்குப் போய், அப்டேட் பகுதியில் "கேமைத் தொடங்கும்போது மட்டும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு எப்போதும் எஸ்கேஎஸ்ஈ லோடர் வழியாகவே திறங்கள்.

இரண்டும் சரி என்றால் புரொப்பர்ட்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ், வெரிஃபை. டொங்கிள் டேட்டாவில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வெரிஃபை முழு 12 ஜிபியையும் திரும்ப இறக்காது. டிஸ்க்கில் இருப்பதை வாசித்துப் பார்த்து, பழுதான ஃபைலை மட்டும் இறக்கும். ஆனால் அந்த ஒரு ஃபைலே பெரிதாக இருக்கலாம், ஆகவே நள்ளிரவு டேட்டாவுக்கு வைத்துக்கொள்வது புத்தி. எக்ஸ்எடிட் என்ற கருவியில் கேமின் மாஸ்டர் ஃபைல்களைச் சுத்தம் செய்திருந்தால் வெரிஃபைக்குப் பிறகு அதைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

"கதவைத் திறந்ததும் எலும்புக்கூடும் சட்டியும் பறக்கின்றன"

பேய் இல்லை. கேமின் பௌதிகக் கணக்கு ஒரு விநாடிக்கு 60 பிரேம் என்ற எல்லைக்குள் ஓடும்படி எழுதப்பட்டது. 120, 144 ஹெர்ட்ஸ் திரையுள்ள புதிய லெப்டொப்பில் எல்லை கழன்றுவிட்டால் டிம்ஹாலோ கிரிப்ட் என்ற குகையில் சாமான் எல்லாம் தானாக ஆடும். டொக்கியுமென்ட்ஸில் மை கேம்ஸுக்குள், ஸ்கைரிம்பிரெஃப்ஸ் என்ற ஐ.என்.ஐ. ஃபைலில் டிஸ்ப்ளே பகுதியில் "ஐவிசிங்க்பிரசெண்ட்இன்டர்வல்" (iVSyncPresentInterval; பழைய பதிப்பில் "ஐபிரசெண்ட்இன்டர்வல்") 1 ஆக இருக்க வேண்டும். அதோடு விண்டோஸில் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை 60 க்கு இறக்குங்கள், அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பெனலில் 60 க்குப் பூட்டுங்கள்.

"பகலில் நல்லா ஓடுது, இரவு ஏழு மணிக்கு மட்டும் இழுக்குது"

இது மலைநாட்டுக்கே உரிய வியாதி. நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் லெப்டொப் சூடாகித் தடுமாறுவது கொழும்பைவிடக் குறைவு. ஆகவே இங்கே இழுத்தால் சூட்டுக்கு முன்னால் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம். பெயருக்கு 230 வோல்ட். ஆனால் மாலை ஆறரைக்கு மேல் எல்லா வீட்டிலும் கேத்தலும் ஹீட்டரும் ஒன்றாக ஏறும்போது, லைனின் கடைசி வீட்டில் பல்ப் மங்குவதே பார்த்தால் தெரியும். மல்டி பிளக் தளர்வாக இருந்தால் இன்னும் மோசம்.

ஏன் கேம் இழுக்கிறது? அடெப்டருக்கு வரும் கரண்ட் ஒரு கணம் விழுந்தால் லெப்டொப் தன்னை பெட்டரியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. உடனே கிராஃபிக்ஸ் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். விளையாடும்போது விண்டோ மோடுக்கு மாற்றி, திரையின் வலது மூலையில் பெட்டரி அடையாளத்தை ஐந்து நிமிஷம் பாருங்கள். பிளக் குறி வந்து வந்து போனால் காரணம் அதுதான். அடெப்டரை மல்டி பிளக்கிலிருந்து கழற்றிச் சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று தேவை. கேம் செட்டிங்ஸைக் குறைத்துப் பயனில்லை.

பகலிலும் இழுத்தால் அது வேறு கதை. ஸ்பெஷல் எடிஷனுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 4 ஜிபி மெஷினில் பழைய பதிப்பைப் போடுவது நல்லது. ஒளிக்கற்றைகளைக் காட்டும் கொட்ரேஸை அணைத்து, நிழலின் தூரத்தைக் குறைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

"கரண்ட் போய் வந்தது, சேவ் திறக்கவில்லை"

சித்திரை மாத இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இது நடக்கும். நீங்கள் கேமுக்குள் தூங்கும்போதும், காத்திருக்கும்போதும், தூர இடத்துக்குத் தாவும்போதும் கேம் தானாக சேவ் பண்ணுகிறது. அந்த நொடியில் கரண்ட் போனால் ஃபைல் அரைகுறையாக நிற்கும். சேவ்ஸ் ஃபோல்டரைத் திறந்து அளவைப் பாருங்கள். மற்றவை பல எம்பி இருக்கும்போது ஒன்று மட்டும் 0 கேபி என்றால் அது செத்தது, அழித்துவிடுங்கள். அதை லோட் பண்ண முயன்று கேம் மூடிக்கொள்வதைத்தான் டோன்கார்ட் பழுது என்கிறார்கள்.

இனிமேலுக்கு: குவிக்சேவை நம்பாமல், மெனுவுக்குப் போய்ப் புதிய சேவ் போடுங்கள். ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். டிம்ஹாலோவுக்கு முன், வேம்பயர் தலைவன் ஹார்கன் கேள்வி கேட்பதற்கு முன், ஆன்மாக்களின் உலகமான சோல் கெயார்னுக்குள் போவதற்கு முன், கடைசிப் பகுதியில் விர்தூர் என்ற எதிரியைச் சந்திப்பதற்கு முன், இந்த நான்கிலும் தனி சேவ் இருந்தால் கீழே சொல்லப்போகும் பல தொல்லைகளுக்கு மருந்தே தேவைப்படாது. டெஸ்க்டொப் என்றால் 650 விஏ யூபிஎஸ் சில நிமிஷம் தாங்கும்; அது சேவ் பண்ணி மூடுவதற்கு, தொடர்ந்து விளையாடுவதற்கு அல்ல. இடி கேட்டால் பிளக்கோடு ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் உங்கள் டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரை வன்டிரைவ் (OneDrive) என்ற இணையச் சேமிப்புக்குள் மாற்றியிருக்கலாம். நெட் மெதுவான இடத்தில் சேவ் பாதி மேலே, பாதி கீழே என்று மாட்டிக்கொள்ளும். வன்டிரைவ் செட்டிங்ஸில் டொக்கியுமென்ட்ஸ் பெக்கப்பை நிறுத்துங்கள்.

"ஊருக்குள் கடைக்காரர் எல்லாம் செத்துப்போகிறார்கள்"

சட்டம். வேம்பயர் கூட்டம் இரவில் ஊருக்குள் புகும். நாய்களும் கூட வரும். சாதாரணக் கடைக்காரர் கத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிச் சாவார். பகலில் ஊருக்குள் போங்கள். ஏற்கெனவே செத்திருந்தால் பழைய சேவ்தான் சுத்தமான வழி. கணினியில் என்றால் "வென் வேம்பயர்ஸ் அட்டாக்" மோட் ஊர்மக்களை வீட்டுக்குள் ஓடவைக்கிறது. அவர்களுக்கு அந்தப் புத்தியை முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

"டிம்ஹாலோவில் தீச்சட்டி நகரவில்லை"

நடுமேடையின் பொத்தானை அழுத்தினீர்களா? கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தால்தான் ஊதா ஒளி தரையில் பரவும். அதன் பிறகுதான் சட்டிகளுக்கு வேலை. ஒளி எந்தச் சட்டியைத் தொட்டதும் ஊதாத் தீ பிடிக்கிறதோ அது சரியான இடத்தில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். தீ பிடிக்காததை மட்டும் தள்ளுங்கள். ஒளி எதுவரை வந்து நிற்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த சட்டியை நகர்த்திக்கொண்டே போனால் முடியும்.

"செரானா வரவில்லை", "செரானா பேசவில்லை", "இரண்டு செரானா இருக்கு"

டிம்ஹாலோவில் கண்டெடுக்கும் வேம்பயர் பெண் செரானா, ஹார்கனின் மகள், உங்களோடு துணையாக வருபவள். இந்த டி.எல்.சி.யின் முக்கால்வாசித் தலைவலி இவள்தான். சாதாரணத் துணையாள்களை இயக்கும் முறையில் அவள் ஓடவில்லை. அவளுக்கென்று தனி ஸ்கிரிப்ட். அதனால்தான் துணையாள்களை நிர்வகிக்கும் மோட்களில் அவளைச் சேர்த்தால் இரண்டு ஸ்கிரிப்டும் அவளை இரண்டு பக்கம் இழுக்க, நடுவில் மரம்போல நிற்கிறாள். சேர்த்திருந்தால் அந்த மோட்டின் மெனுவிலிருந்து முதலில் நீக்குங்கள், பிறகு ஒரு கதவு வழியாக வெளியே போய்த் திரும்புங்கள்.

காணாமல் போனால் கன்சோலில் "பிரிட்" (prid) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு 02002பி74 என்று எழுதி என்டர். அடுத்த வரியில் "மூவ்டு பிளேயர்" (moveto player) என்று எழுதி என்டர். முன்னால் வரும் 02 என்பது வரிசையில் டோன்கார்டின் இடம்: ஸ்கைரிம் 00, அப்டேட் 01, டோன்கார்ட் 02. மேலே சொன்ன வரிசையை மாற்றியிருந்தால் இந்த இரண்டு இலக்கமும் மாறும். நடுவில் வரும் எழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாவது எழுத்து. இந்த எண் முறையில் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்து மட்டுமே வரும், ஆகவே குழம்பத் தேவையில்லை.

அவளை இழுப்பதற்கு முன், அவள் எங்கே மாட்டியிருக்கிறாள் என்று பார்ப்பது நல்லது. "பிளேயர்.மூவ்டு" என்று அடித்து அதே எண்ணை எழுதினால் நீங்கள் அவளிடம் போவீர்கள். பாறைக்குள் புதைந்திருந்தால் இழுத்தால் போதும். ஆனால் ஹார்கனின் வோல்கிஹார் கோட்டைக்குள் அமைதியாக நின்றுகொண்டிருந்தால் அவள் தொலையவில்லை. குவெஸ்ட்படி அங்கேதான் இருக்கவேண்டும். அவளை வெளியே இழுத்தால் அடுத்த காட்சி கெட்டுவிடும்.

"பிளேஸ்அட்மி" என்ற கட்டளையை அவளுக்குப் போடவே கூடாது. மூவ்டு, இருக்கும் ஆளைக் கொண்டுவருகிறது. பிளேஸ்அட்மி, அச்சு அசலாக இன்னொருத்தியைப் புதிதாக உண்டாக்குகிறது. புதியவளுக்குக் கதை தெரியாது. அவளிடம் பேசினால் பொதுப் பேச்சு மட்டும் வரும், கோட்டைக்குக் கூட்டிப்போனாலும் குவெஸ்ட் நகராது. ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தால், கன்சோலைத் திறந்து ஒவ்வொருத்தியாகக் கிளிக் பண்ணுங்கள். மேலே எண் காட்டும். மேலே எழுதிய எண் வருபவள்தான் உண்மையானவள். மற்றவளைக் கிளிக் பண்ணி "டிசேபிள்" போடுங்கள்.

பேசாமல் நின்றால் பெரும்பாலும் ஒரு காட்சி முடியாமல் தொங்குகிறது. கத்தியை உறையில் போட்டு, எதிரி யாரும் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்து, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு மணி நேரம் காத்திருங்கள். கார்கோயில் என்ற கற்சிலை எதிரி ஒன்று கல்லாகவே மூலையில் நின்று சண்டை முடியாமல் கிடப்பதும் உண்டு. "செட்ஸ்டேஜ்" போட்டுக் கதையை முன்னால் தள்ளுவது எல்லாம் கைவிட்ட பிறகு கடைசி வழி. தாண்டிய படியில் நடக்க வேண்டியிருந்த வேலைகள் நடக்காமலே போகும்.

"காய்ச்சலா, சாபமா?"

வேம்பயர் கடித்ததும் வருவது சாங்குவினரே வேம்பிரிஸ் என்ற நோய். தோட்டத்துக் காட்டேரிக்குப் படையல் வைத்துச் சமாளிக்கலாம். இதற்குக் கேம் நேரத்தில் 72 மணிக் கெடு. அதற்குள் நோய் தீர்க்கும் மருந்து ஒரு போத்தல், அல்லது எந்தக் கோயிலின் பீடத்தையும் தொடுதல், அல்லது பருந்து இறகு ஒன்றைப் பச்சையாகத் தின்றாலே போதும். கெடு தாண்டினால் இவை எதுவும் வேலை செய்யாது. மருந்தை அதற்குப் பிறகு குடித்துவிட்டுப் பழுது என்று முறையிடுகிறார்கள்.

தாண்டியவர்களுக்கு மார்த்தல் ஊரில் இருக்கும் ஃபேலியன் என்ற மந்திரவாதிதான் வழி. மனித ஆன்மா நிரம்பிய கறுப்பு சோல் ஜெம் (ஆன்மாவை அடைக்கும் கல்) ஒன்று கொண்டுபோங்கள். வெறும் ஜெம்மை ஏற்கமாட்டார். விடியற்காலை ஊருக்கு வெளியே கல் வட்டத்தில் சடங்கு. அவர் நடந்து வருவார், நீங்கள் முந்திக்கொண்டு போய் நின்று காத்திருங்கள். டோன்கார்ட் பக்கம் சேர்ந்தபிறகு வேம்பயரானால் ஐஸ்ரான் வேலை தரமாட்டார். அதற்கும் இதே வழி.

வெயிலில் ஹெல்த் ஏறவில்லை என்பதும் சட்டம். முதற்கட்டத்தில் 15, நான்காம் கட்டத்தில் 60 புள்ளி குறையும், தானாக ஏறுவதும் நிற்கும். 24 மணிக்கு ஒரு கட்டம் ஏறும். தூங்குகிறவரிடம் இரத்தம் குடித்தால் முதற்கட்டத்துக்கு இறங்கும். ஓநாய் மனிதனாக இருந்தவர் ஹார்கனின் இரத்தத்தை வாங்கினால் ஓநாய் போய்விடும்; இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

வேம்பயர் லோர்ட் என்ற மாறிய உருவில் பெர்க் (திறமைப் படி) ஏறவில்லை என்றால் நகத்தால் கொல்கிறீர்கள். வலக்கையின் இரத்தம் உறிஞ்சும் மந்திரத்தால், அல்லது கடித்துக் கொன்றால்தான் கணக்கில் சேரும். மொத்தம் 11 பெர்க். மந்திரமே வரவில்லை என்றால் தரையில் நிற்கிறீர்கள். பதுங்கும் கீயை அழுத்தினால் மிதப்பீர்கள், அப்போது வரும். பழைய உருவத்துக்குத் திரும்பும் சக்தி ஃபேவரிட்ஸ் பட்டியலில் இருக்கிறது. அந்த உருவில் இருக்கும்போது சேவ் போட வேண்டாம்.

"ஆள் வந்து சேரவில்லை, தடுப்பு விலகவில்லை"

ஐஸ்ரான் கூட்டிவரச் சொல்லும் சோரீனும் கன்மாரும் பேசி முடித்ததும் கால்நடையாகக் கோட்டைக்கு வருகிறார்கள், தாவி வருவதில்லை. 24 மணி காத்திருந்து பிறகு பாருங்கள். ஐஸ்ரான் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னால் நடுவில் அசையாமல் நில்லுங்கள். நடந்து திரிந்தால் காட்சி தொங்கும்.

மாயச் சுருளை வாசிக்கத் தெரிந்த பூசாரி டெக்சியனைச் சூழ்ந்த நீலத் தடுப்பு அம்பாலும் வாளாலும் உடையாது. மால்கஸ் என்பவனின் பிணத்தில் வேஸ்டோன் ஃபோக்கஸ் இருக்கிறது. அதை எடுத்து மேலே உள்ள மூலத்தில் வைக்க வேண்டும். வேம்பயர் பக்கம் ஆடுபவர்கள் அவரை அடித்துத் தணித்த பிறகு வேம்பயரின் மயக்கும் சக்தியைப் போட்டு, பிறகு கடிக்க வேண்டும்.

"சோல் கெயார்ன் வாசல் திறக்கவில்லை"

வோல்கிஹார் கோட்டை முற்றத்துச் சந்திரக் கடிகாரத்தில் பிறை, அரை, முழு நிலா என மூன்று சின்னமும் இடம்பெற வேண்டும்; மூன்றும் முற்றத்திலேயே கிடக்கின்றன. உள்ளே செரானாவின் தாய் வலெரிக்காவின் அறையில் தேவைப்படுவது மூன்று பொருள்: நன்றாக அரைத்த எலும்புத்தூள், சோல் ஜெம் துண்டுகள், சுத்திகரித்த வோயிட் (void) உப்பு. கடையில் வாங்கிய சாதாரண எலும்புத்தூளும் வோயிட் உப்பும் செல்லாது. அந்த அறையின் தட்டுகளைத் தேடுங்கள்.

வெளியே வந்தபிறகு சோல் கெயார்னில் சந்தித்த டிராகன் டர்னவியரைக் கூப்பிட்டு வரவில்லை என்றால் குகைக்குள்ளோ ஊர்க் கட்டடத்துக்குள்ளோ நிற்கிறீர்கள். திறந்த வானம் வேண்டும்.

"சுருள் ஒன்று குறையுது, குடத்தில் தண்ணீர் காணாது"

கதைக்குத் தேவையான மூன்று எல்டர் ஸ்க்ரோல் சுருளில் டிராகன் சுருளை வின்டர்ஹோல்ட் கல்லூரி நூலகர் உராக்கிடம் விற்றவர்கள் அங்கேயே திரும்ப வாங்கலாம். எடுக்கவே இல்லை என்றால் செப்டிமஸ் சிக்னஸ் என்பவரிடம் பேசித் தொடங்கி, பிளெக்ரீச் என்ற நிலத்தடி ஊர் வழியாக ம்சார்க் கோபுரத்துக்குப் போக வேண்டும். சுருள்களை வாசிக்கும் இடமான அன்செஸ்டர் கிளேடில் மரப்பட்டையைச் சீவிய பிறகு அந்துப்பூச்சிக் கூட்டங்களுக்குள் நடந்து ஏழு கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒளித்தூணின் நடுவில் நின்று சுருளை விரியுங்கள்.

விர்தூரிடம் போகும் வழியில் கெலிபோர் என்பவர் கொடுக்கும் குடத்தை ஐந்து வேஷ்ரைனிலும் (வழிக் கோயில்) நிரப்ப வேண்டும். கதவு வழியாகக் கடந்துபோய்விட்டு நிரப்ப மறந்தால் உள்வாசல் திறக்காது.

"ஹார்கனுக்கு அடி விழவே இல்லை"

அவன் பீடத்துக்குப் பின்வாங்கிச் சிவப்புக் கவசம் போடும்போது வாளும் மந்திரமும் எடுபடா. கதையில் கிடைக்கும் ஓரியலின் வில்லை எடுத்து அவனை நோக்கி எய்தால் கவசம் உடையும். வில்லைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் சண்டை முடியாது. அதை ஃபேவரிட்ஸில் போட்டுக்கொள்ளுங்கள், சண்டை நடுவில் மெனு தேடத் தேவையிருக்காது. வில்லைத் தா என்று அவன் கேட்கும்போது கொடுத்துவிடாதீர்கள்.